மீன் மேசையிலிருந்து: புள்ளடி போடப் பாஸ்போட் தேவையில்லை



போன இதழில் பனிக்காலச் சப்பாத்து வாங்குவது பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் ரெலிபோன் எடுத்துப் பாராட்டினார்கள். மூன்றாவதாக எடுத்த அண்ணை ஒருவர் மட்டும், "தம்பி, சப்பாத்து, சட்டி பானை எண்டு எழுதிறாய். கொஞ்சம் அரசியலும் எழுதன்" என்றார். அவர் எந்த அரசியலைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. கொழும்பு, ஜெனீவா, புதுடில்லி என்று போகும் அரசியல். அதை எழுத இந்தச் சஞ்சிகையில் என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சல்மன் மீனுக்கு முள் எடுப்பது என் வேலை. எனக்குத் தெரிந்த அரசியல் காலை ஆறரைக்குத் தொடங்குகிற அரசியல். அண்ணை கேட்டதற்காக இந்த முறை அதையே எழுதுகிறேன்.

நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையோரத்தில், எட்டாயிரம் பேர் வரையில் வாழும் ஒரு சிறிய கொம்யூனில். எங்கள் கொம்யூன் மூன்று பார்ணஹாகேக்களை நடத்துகிறது. ஒரு வயதுப் பிள்ளையிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வரை விட்டுவிட்டு நாங்கள் வேலைக்கு ஓடும் இடம். மூன்றும் காலை ஆறரைக்குத் திறக்கும். தொழிற்சாலையில் ஏழு மணிக்கு நாங்கள் மேசையில் நிற்க வேண்டும். உடுப்பு மாற்றி, கை கழுவி, தலைக்கு வலை போட்டு உள்ளே போகப் பத்து நிமிடம் செல்லும். ஆக, அந்த அரை மணித்தியாலத்தில்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

2024 ஒக்ரோபரில் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்கு கொம்யூன் நிர்வாகம் முன்வைத்த யோசனைகளில் ஒரு வரி இருந்தது. காசை மிச்சம் பிடிக்க மூன்று பார்ணஹாகேக்களும் இனிமேல் ஏழேகாலுக்குத் திறக்கும் என்று. அலுவலகத்தில் எட்டு மணிக்கு வேலை தொடங்குகிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை. மீன் மேசையில் நிற்பவர்களுக்கும், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்களுக்கும், விடியப்புறம் துப்புரவு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது இடி.

அன்றிரவு வீட்டில் பெரிய விவாதம் ஒன்றும் நடக்கவில்லை. என் மனைவி முதியோர் இல்லத்தில் முழுநேர வேலை. மூன்று வருடம் மாறி மாறி ஆள் இல்லாத நாட்களுக்குப் போய் நின்று, கடைசியில் கிடைத்த நிரந்தர வேலை. நான் வாயே திறக்கவில்லை. அவ பாத்திரம் கழுவிக்கொண்டு, "சரி, நான் அறுபது வீதமாக்கிறன்" என்றா. அவ்வளவுதான். யார் குறைப்பது என்ற கேள்வியே அந்தக் குசினியில் எழவில்லை. அது எனக்குச் சுட்டது. இந்த நாட்டில் முதுமைக்கான அரச ஓய்வூதியத்துக்கு ஒவ்வொரு வருடமும் எங்கள் வருமானத்தில் 18.1 வீதம் கணக்கில் சேருகிறது. வேலையை வெட்டினால் இன்றைய சம்பளத்தோடு நாளைய ஓய்வூதியமும் வெட்டுப்படும். கொம்யூன் மிச்சம் பிடிக்கும் காசை யாருடைய சட்டைப்பையிலிருந்து எடுக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பள்ளி முடிய மண்டபத்தில் இதே கதைதான். நாற்பது பேர் வரையில் இருந்தோம். ஆளாளுக்குக் கொம்யூனைத் திட்டினார்கள். "வெள்ளைக்காரனுக்கு எங்கட கஷ்டம் எங்கை விளங்கப் போகுது" என்றார் ஒருவர். சங்கத் தலைவர் ஐயா, "சங்கம் அரசியலுக்குள்ளை போகாது. அவரவர் தனிப்பட்ட முறையிலை பாருங்கோ" என்று முடித்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி ஒரு கேள்வி கேட்டேன்.

"2023 செப்ரெம்பரிலை கொம்யூன் தேர்தல் நடந்தது. இதிலை ஆர் ஆர் வோட்டுப் போட்டனியள்? கையை உயர்த்துங்கோ."

ஏழு கை உயர்ந்தது. ஏழில் ஒன்று அரைவாசிதான் உயர்ந்தது.

மற்றவர்கள் சொன்ன காரணங்களில் முதலாவது, "எங்களிட்டை நோர்வே பாஸ்போட் இல்லையே" என்பது. இதைச் சொன்னவர் இந்த நாட்டில் பதினொரு வருடமாக இருப்பவர். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் 2010இல் இங்கே வந்தேன். 2012இல் வதிவிட அனுமதி கிடைத்துப் பதிந்தேன். 2015 ஓகஸ்டில் என் பெயருக்கு ஒரு வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. யாரோ பிழையாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து, கடை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டவன் நான். ஆகவே இதை எழுதுவது குற்றவாளிகளில் ஒருவன்.

விஷயம் இதுதான். நோர்வேயில் வெளிநாட்டவர்களுக்கு உள்ளூர்த் தேர்தலில் வாக்குரிமை 1983இலிருந்து இருக்கிறது. நான் பிறக்க முதலே வந்த உரிமை. தேர்தல் நாளுக்கு முந்திய மூன்று வருடமும் தொடர்ந்து இந்த நாட்டில் பதிவில் இருந்தால் போதும். அந்த வருட முடிவுக்குள் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். பாஸ்போட் எந்த நாட்டினது என்று யாரும் கேட்கமாட்டார்கள். விண்ணப்பம் போடத் தேவையில்லை. பதிவில் இருந்தால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலுக்கு வரும். படமுள்ள வங்கி அட்டையோ சாரதி அனுமதிப்பத்திரமோ கொண்டுபோய்க் காட்டினால் வாக்குச்சீட்டு உங்கள் கையில். செப்ரெம்பரில் வேலை என்றால் ஓகஸ்டிலேயே போய்ப் போடலாம். நாடாளுமன்றத் தேர்தலுக்குத்தான் குடியுரிமை வேண்டும்.

இதைச் சொன்னதும் ஒருவர் பகிடியாக, "கொம்யூன் எண்டால் குப்பை அள்ளுறவங்கள் தானே" என்றார். குப்பையும்தான். பிள்ளை போகும் பார்ணஹாகே, பத்தாம் வகுப்புவரை படிக்கும் பள்ளிக்கூடம், அம்மா அப்பா வயதுபோனால் போகப்போகும் முதியோர் இல்லம், குழாயில் வரும் தண்ணீர், நாங்கள் பெயரைக் கேட்டாலே பயப்படும் பிள்ளைகள் நலப் பிரிவு எல்லாம் கொம்யூனின் பொறுப்பு. ஆஸ்பத்திரியும் விசாவும் அரசாங்கத்திடம். உயர்தரப் பள்ளியும் பஸ்ஸும் மாகாண சபையிடம். பார்ணஹாகேயை எடுத்துப் பாருங்கள். அதிகபட்சக் கட்டணத்தை அரசாங்கம் 2025 ஓகஸ்டிலிருந்து மாதம் 1200 குரோணராகக் குறைத்தது. நல்ல விஷயம். ஆனால் கொம்யூன் நடத்தும் இடத்தின் கதவை எத்தனை மணிக்குத் திறப்பது என்று தீர்மானிப்பது கொம்யூன். கட்டணம் மலிந்து என்ன, நாங்கள் போகும்போது கதவு பூட்டிக் கிடந்தால்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் பிரதேச சபைத் தேர்தல் 2018 பெப்ரவரிக்குப் பிறகு இழுபட்டு இழுபட்டு 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. அந்தக் கிழமை எங்கள் சாப்பாட்டு அறையில் வேறு கதை இல்லை. எந்த வட்டாரத்தில் யார், எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று விரல் நுனியில் வைத்திருந்தோம். சித்தப்பாவுக்கு ரெலிபோன் எடுத்து யாருக்குப் போட வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. ஊரை மறக்கச் சொல்லவில்லை. எனக்கும் அங்கே அம்மா இருக்கிறா. ஆனால் எங்கள் வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் அவ்வளவு அக்கறையும், இருக்கிற இடத்தில் ஏழு கையும் என்றால் எங்கேயோ பிழை இருக்கிறது.

அந்தப் பிழை சோம்பல் மட்டுமில்லை என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. கையெழுத்து வாங்கப் போனபோது.

கையெழுத்துக் கதை இப்படி. எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி ஒரு போலந்துக்காரப் பெண். அவவுக்கும் பார்ணஹாகேயில் ஒரு பிள்ளை. சாப்பாட்டு நேரத்தில் அவதான் சொன்னா, இங்கே உள்ளூராட்சிச் சட்டத்தில் குடியிருப்பாளர் யோசனை என்று ஒரு வழி இருக்கிறது என்று. கொம்யூனில் வசிப்பவர்களில் 2 வீதத்தினர், அல்லது 300 பேர், கையெழுத்து வைத்து ஒரு யோசனையைக் கொடுத்தால் கொம்யூன் சபை அதை எடுத்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். தட்டிக் கழிக்க முடியாது. வசிப்பவர் என்றுதான் சட்டம் சொல்கிறது. குடியுரிமை பற்றிப் பேச்சில்லை. எங்கள் கொம்யூனுக்குக் கணக்குப் பார்த்தால் 160 கையெழுத்து.

மனைவியும் நானும் தமிழ் வீடுகளுக்குப் போனோம். தேத்தண்ணி கிடைத்தது. வடை கிடைத்தது. கையெழுத்துத்தான் கிடைக்கவில்லை. ஒரு ஐயா தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "தம்பி, பேர் எழுதிக் கையெழுத்து வைச்சு அரசாங்கத்திட்டைக் குடுக்கிறது நல்லதில்லை. மகளுக்கு விசா புதுப்பிக்க இருக்குது" என்றார். நான் சிரிக்கவில்லை. 1981 ஜூனில் யாழ்ப்பாணத்தில் மாவட்ட சபைத் தேர்தல் நடந்த கிழமைதான் நூலகம் எரிந்தது என்று அவர் சொன்னார். 1998இல் யாழ்ப்பாண மாநகர முதல்வராக வந்த சறோஜினி யோகேஸ்வரன் அந்த மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்ரெம்பரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். ஊரின் றோட்டையும் தண்ணீரையும் சந்தையையும் பார்க்க வந்தவர்களுக்கு நடந்தது அது. அதைப் பார்த்து வளர்ந்த சனம் தாளைக் கண்டால் பயப்படத்தான் செய்யும். எங்கள் வீடுகளில் அரசியல் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்வது அரசியல் தெரியாததால் இல்லை. தெரிந்ததால்.

ஆனாலும் ஐயாவிடம் நான் ஒன்று சொன்னேன். "ஐயா, இந்தத் தாளிலை கையெழுத்து வைச்சால் விசாவிலை கை வைக்க ஏலாது. விசா பாக்கிறது வேறை இடம். வைக்காட்டி உங்கட பேரப்பிள்ளையைக் காலமை ஆர் பாக்கிறது?" அவர் பேசவில்லை. நாங்கள் வாசலில் சப்பாத்துக் கட்டும்போது பின்னால் வந்து, "அந்தத் தாளைத் தா" என்றார். அவரது கையெழுத்து வடிவான கையெழுத்து. ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவராம்.

வேறொரு வீட்டில் வேறு மாதிரிக் கேள்வி. "போலந்துக்காரனுக்கும் சிரியாக்காரனுக்கும் நாங்கள் ஏன் ஓடித் திரிய வேணும்? வந்த உடனை அவங்களுக்கு எல்லாத்தையும் குடுக்கிறாங்கள். எங்களுக்கு ஆர் குடுத்தது?" இதைச் சொன்னவர் 1987இல் வந்தவர். அப்போது அவர் வேலை செய்த ஊரில் எங்கள் ஆட்களைப் பார்த்து இதே வசனத்தை நோர்வேஜிய மொழியில் சொன்னார்கள் என்று அவரே வேறொரு நாள் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதை ஞாபகப்படுத்தினேன். முகம் சுருங்கியது. கையெழுத்து வைக்கவில்லை. பரவாயில்லை. கணக்கைப் பாருங்கள். எங்கள் கொம்யூனில் தமிழ்க் குடும்பங்கள் நாற்பதுக்குக் கிட்ட. எல்லோரும் வைத்தாலும் நாங்கள் மட்டும் 160ஐ எட்டுவது கஷ்டம். எரித்திரியாக்காரர், லித்துவேனியாக்காரர், சிரியாக்காரர், விடியப்புறம் மீன்பிடி வள்ளத்துக்குப் போகும் நோர்வேஜியர் எல்லோரும் வைத்தபடியால்தான் 211 வந்தது. அதில் தமிழ்க் கையெழுத்து 58.

டிசெம்பரில் சபை கூடியது. வரவு செலவுத் திட்டத்தோடு எங்கள் யோசனையையும் சேர்த்து எடுத்தார்கள். கொம்யூன் சபைக் கூட்டம் யாரும் போய் இருந்து கேட்கக்கூடிய கூட்டம். எழுதிய யோசனைகளும் சபை முடிவெடுக்க இரண்டு கிழமைக்கு முன்பே பகிரங்கமாக இருக்கும். நாங்கள் பன்னிரண்டு பேர் போனோம். பின்வரிசைக் கதிரைகளில் இருந்தோம். பார்வையாளருக்குப் பேச இடமில்லை. ஆனால் உறுப்பினர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பேசும்போது, முக்கால் மணித்தியாலத்தில் என்ன வித்தியாசம் என்று தொடங்கியவர், பின்வரிசையைப் பார்த்துவிட்டு வசனத்தை மாற்றினார். வேலை முடிந்து நேரே வந்த எங்கள் உடுப்பில் மீன் மணம் இருந்தது. அந்த மணம் ஒரு வாதம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு அரைவாசி வெற்றி. மூன்றில் ஒன்று ஆறரைக்கே திறக்கும். மற்ற இரண்டும் ஏழேகாலுக்கு. எங்கள் மகள் போனது அந்த ஒன்றுக்கு இல்லை. இடம் மாற்ற விண்ணப்பித்துப் பெப்ரவரியில் மாற்றினோம். பழைய சிநேகிதிகளை விட்டு வந்ததற்கு இரண்டு கிழமை அழுதாள். மனைவியின் வேலை முழுநேரமாகவே இருக்கிறது. ஆனால் கையெழுத்துக்காக எங்களோடு கதவு கதவாக ஏறி இறங்கிய எரித்திரியாப் பெண்ணுக்கு மாற்றிய இடத்தில் இடம் கிடைக்கவில்லை. அவ இப்போது அரை நேர வேலை. அவவைக் கண்டால் எனக்கு இப்போதும் முகம் கொடுக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆகவே இதை வெற்றிக் கதையாக வாசிக்க வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் என் மனதில் நிற்கிறது. வாக்கெடுப்பில் மூன்று இடத்துக்கும் சேர்த்துக் கேட்ட பிரேரணை இரண்டு வாக்கால் தோற்றது. இரண்டு வாக்கு. 2023இல் எங்கள் கொம்யூனில் புள்ளடி போடாமல் வீட்டில் இருந்த தமிழர், போலந்துக்காரர், எரித்திரியாக்காரர் எல்லோரும் போயிருந்தால் அந்த மேசையைச் சுற்றி இருந்த ஆட்கள் மாறியிருக்க முடியும். நோர்வே முழுவதும் அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 62 வீதத்துக்குக் கொஞ்சம் மேல். எங்கள் மண்டபத்தில் நாற்பதில் ஏழு.

இதை வாசித்துவிட்டுச் சிலர், "அப்ப எங்கட ஆள் ஒருத்தரை நிப்பாட்டினால் சரிதானே" என்பார்கள். நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்த கம்சாயினி குணரட்ணம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானதும், 2021இல் நாடாளுமன்றத்துக்குப் போனதும் எங்கள் பெண் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். ஆனால் தமிழ்ப் பெயரைக் கண்டவுடன் புள்ளடி போடுவது எங்கள் ஊர், எங்கள் ஆட்கள் என்று பார்த்துப் போடுவதன் தம்பி. சாதி பார்த்துப் போட்ட பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரத் தேவையில்லை. ஆள் யாராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: பார்ணஹாகேயை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்? முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை எத்தனை பேருக்குக் கொடுப்பீர்கள்? தமிழ்ப் பள்ளிக்கு வகுப்பறைக்கு வாடகை கேட்பீர்களா?

கடைசியாக எங்கள் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. தலைவர் ஐயா கோபிக்க வேண்டாம். சங்கம் அரசியலுக்குள் போகாது என்றீர்கள். எங்கள் நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள். விழாவுக்கு றோல்ஸ் சுற்றுவது, தமிழ்ப் பள்ளியில் படிப்பிப்பது, மண்டபம் கூட்டுவது எல்லாம் பெண்கள். அதுவும் அரசியல்தான். கையெழுத்துத் தாளோடு முப்பது வீடு ஏறியது என் மனைவி. எல்லா வீட்டிலும் நன்றி சொன்னது எனக்கு. அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் அவவின் பெயரைப் பிரேரிக்கப் போகிறேன். அவ இன்னும் ஓம் சொல்லவில்லை. "முதல் நீங்கள் பிள்ளையைக் காலமை கொண்டுபோய் விடப் பழகுங்கோ" என்கிறா. பழகிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த கொம்யூன் தேர்தல் 2027 செப்ரெம்பரில். அட்டை வரும்போது விளம்பரத் தாள்களோடு எறியாமல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் அது என்ன என்று கேட்பார்கள். சொல்லிக் கொடுங்கள்.